முதல் வரிசைக்குத் தண்ணீர், கடைசி வரிசைக்கு எண்ணெய்: நறுமண எண்ணெய்ச் சோதனையை நிறுத்திய குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பயிர்ப் பாதுகாப்பு ஆய்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், பூச்சிக்கொல்லிப் பதிவுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

தாவர நறுமண எண்ணெய்களைப் பயிர்ப் பூச்சிகளுக்கு எதிராகப் பயன்படுத்திப் பார்க்கும் வயல்வெளிச் சோதனையை ஒரே பருவத்தோடு முடித்துக்கொள்வதாக நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. எதிர்பார்த்த அளவுக்குப் பூச்சிகள் இறக்கவில்லை, ஆகவே மேற்கொண்டு தொடர வேண்டிய தேவை எழவில்லை என்பதற்கு மேல் அதில் விளக்கம் எதுவும் இல்லை. அந்தச் சோதனைக்காக என் முட்டைக்கோஸ் வயலில் ஆறு வரிசைகளை ஒதுக்கிக் கொடுத்தவன் நான். தெளிப்பானை முதுகில் சுமந்ததும், பருவம் முழுவதும் இலை இலையாகப் புரட்டிப் பார்த்துக் குறிப்பெழுதியதும் நான்தான். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. நீங்கள் சோதித்தது எண்ணெயை அல்ல என்பதை, அங்கே நின்று பார்த்தவன் என்ற முறையில் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் தெளிப்பு நாளில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஊழியர்கள் கொண்டுவந்த எலுமிச்சைப்புல் எண்ணெயை, தாளில் குறித்திருந்த அளவுப்படி, தண்ணீர் நிரப்பிய தெளிப்பானுக்குள் நேராக ஊற்றி, மூடியைத் திருகி, இரண்டு முறை குலுக்கி என்னிடம் தந்தார்கள். மூடியை மறுபடி திறந்து பார்த்தேன். தண்ணீருக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஓர் ஏடு மிதந்துகொண்டிருந்தது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தண்ணீரை விட லேசானது, தண்ணீரில் கரையாது. தெளிப்பானின் உறிஞ்சு குழாயோ தொட்டியின் அடியில் இருக்கிறது. ஆகவே முதல் மூன்று வரிசைகளுக்கும் நான் தெளித்தது ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். நான்காவது வரிசையில் வாடை லேசாக எழுந்தது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும், தொட்டி காலியாகும் நேரத்தில், நாசில் வழியாக வந்தது கிட்டத்தட்ட நேர் எண்ணெய். மூன்றாம் நாள் காலையில் அந்த இரண்டு வரிசைகளின் இளம் இலைகள் ஓரம் கருகி, விரலால் தொட்டால் நொறுங்கும்படி காகிதம்போல் காய்ந்திருந்தன. முதல் மூன்று வரிசைகளில் புழுக்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. உங்கள் பதிவேட்டில் இந்த ஆறு வரிசைகளையும் கூட்டிச் சராசரி எடுத்து, "பூச்சிக் கட்டுப்பாடு குறைவு, பயிர்க் கருகல் உண்டு" என்று எழுதினார்கள். தண்ணீர் தெளித்த வரிசையின் புழுவும் எண்ணெய் ஊற்றிய வரிசையின் கருகலும் அந்த ஒரே வரியில் சேர்ந்துவிட்டன.

இரண்டாம் தெளிப்பின்போது, எண்ணெயையும் தண்ணீரையும் இணைக்க ஏதேனும் பால்மமாக்கி சேர்க்கலாமா என்று கேட்டேன். செயல்முறைத் தாளில் அப்படி எதுவும் குறிப்பிடப்படவில்லை என்பது எனக்குக் கிடைத்த பதில். அந்தத் தாளைத் தயாரித்தவர் எந்தப் பூச்சிக்கொல்லியை மனத்தில் வைத்து எழுதினார் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். கடையில் வாங்கும் செயற்கை மருந்துகளில் கரைப்பானும் பால்மமாக்கியும் தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டுவிடுகின்றன. தண்ணீரில் ஊற்றியதும் அவை பால்போல் கலங்கிப் பரவுகின்றன. அந்த வசதி எதையும் கொடுக்காமல் ஒரு நறுமண எண்ணெயை அவற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்தால், அது தோற்பதற்காகவே ஏற்பாடு செய்த சோதனையாகிவிடுகிறது. உங்கள் நோக்கம் அதுவாக இருந்திருக்காது என்று நம்புகிறேன். விளைவு அதுவாகத்தான் இருந்தது.

அதன் பிறகு, சோதனைக்கு வெளியே இருந்த என் சொந்த வரிசைகளில் நானே செய்து பார்த்தேன். எண்ணெயை முதலில் கொஞ்சம் மென்மையான சோப்புக் கரைசலோடு சேர்த்துக் கடைந்து, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கினால், முழுவதும் பால்போல் வெண்மையாகி, தெளித்து முடிக்கும்வரை பிரியாமல் நிற்கிறது. வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளித்தேன். சோப்புக் கரைசலே மென்னுடல் பூச்சிகளைக் கொல்லக்கூடியது என்பதால், பலன் எண்ணெயால் வந்ததா சோப்பால் வந்ததா என்று தெரிய வேண்டுமென்று ஒரு வரிசைக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் தெளித்தேன். ஒரு வரிசையை எதுவும் தெளிக்காமல் விட்டேன். உங்கள் சோதனையில் இந்த ஒப்பீடுகள் இல்லை.

உங்கள் ஆட்கள் தெளித்து 24 மணி நேரம் கழித்து வந்து, இறந்த புழுக்களை எண்ணிக்கொண்டு போனார்கள். அவர்கள் வைத்திருந்த தாளில் இருந்தவை உயிருள்ள புழு, இறந்த புழு என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே. நான் கைலென்ஸை வைத்துக்கொண்டு இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்தேன். இந்தப் புழுக்களின் தாய்ப்பூச்சியான வைரமுதுகு அந்துப்பூச்சி, இலை நரம்புகளை ஒட்டி, மணல் துகளைப் போலச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டைகளை இடும். எதுவும் தெளிக்காத வரிசையிலும் சோப்பு மட்டும் தெளித்த வரிசையிலும் அந்த முட்டைகள் நரம்பு தோறும் இருந்தன. எண்ணெய்ப் பால்மம் தெளித்த வரிசைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருந்த புழுக்களும் உடனே சாகவில்லை. ஆனால் இலையை ஓரிடத்தில் சுரண்டிவிட்டு, தின்னாமல் நகர்ந்து, நூல் விட்டுக் கீழே இறங்கின. நாள் போகப்போக அவை தளர்ந்து சிறுத்துப்போயின. அதே வரிசைகளில், வெள்ளை அரிசிமணி போன்ற சின்னஞ்சிறு கூடுகள் சில இலைகளில் ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். அவை புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொன்று வெளியே வந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள். இவை எதற்கும் உங்கள் தாளில் கட்டம் இல்லை.

ஒரு பருவத்தில் ஒரு விவசாயி பார்த்ததை அறிவியல் முடிவென்று நான் வாதிடவில்லை. இதை முறைப்படி எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள் என்பதுதான் என் முறையீடு. நறுமண எண்ணெய்கள் பூச்சிகளை விரட்டுகின்றன, தின்னவிடாமல் தடுக்கின்றன, முட்டையிடும் இடத்தைத் தேடிவரும் தாய்ப்பூச்சியைக் குழப்புகின்றன என்பதெல்லாம் ஆய்வுலகில் பல பத்தாண்டுகளாகப் பதிவாகியிருக்கும் செய்திகள். அவ்வளவையும் விட்டுவிட்டு, ஒரே நாளில் எத்தனை செத்தன என்று மட்டும் கேட்பது எந்த வகையில் நியாயம்?

இந்த எண்ணெய்கள் செயல்படும் விதமும் உங்களுக்குத் தெரியாததல்ல. எலுமிச்சைப்புல்லின் சிட்ரால், கிராம்பின் யூஜினால், தைம் செடியிலும் ஓமத்திலும் உள்ள தைமால், யூகலிப்டஸின் சினியோல், ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் போன்றவை சிறிய, ஆவியாகும் மூலக்கூறுகள். பூச்சியின் மெழுகுத் தோல் வழியாகவும் சுவாசத் துளைகள் வழியாகவும் இவை உள்ளே புகுகின்றன. யூஜினால் உள்ளிட்ட சில, ஆக்டோபமின் என்ற நரம்புத் தூதுப்பொருளின் ஏற்பிகளைக் குலைக்கின்றன. பூச்சிகளின் அசைவுக்கும் இதயத் துடிப்புக்கும் ஆக்டோபமின் அடிப்படையானது. முதுகெலும்புள்ள விலங்குகளில் அதற்கு அவ்வளவு பெரிய இடமில்லை. தைமால், காபா என்ற இன்னொரு தூதுப்பொருளின் ஏற்பிகளோடு பிணைகிறது. வேறு சில, நரம்புகளின் வேலைக்குத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை ஓரளவு தடுக்கின்றன. ஒரே எண்ணெய்க்குள் பத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்து, வெவ்வேறு இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குகின்றன என்பதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

ஏனென்றால் என் வயலின் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. டிடிடி என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற முதல் பயிர்ப் பூச்சியாக 1953-ல் ஜாவாவில் பதிவானது இதுதான். வயல்வெளியில் பிடி (Bt) என்ற பாக்டீரியாவிலிருந்து செய்யும் நுண்ணுயிர் மருந்துக்கு எதிர்ப்புத்திறன் காட்டிய முதல் பூச்சியும் இதுவே. புதிய மருந்து வந்த முதல் பருவத்தில் வயல் சுத்தமாக இருக்கும். இரண்டாம் பருவத்தில் அளவைக் கூட்டுவோம். அடுத்த பருவத்தில் இரண்டு மருந்துகளைக் கலந்து அடிப்போம். அதன் பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்ற கணக்கையும் மீறுவோம். நான் இதைச் செய்திருக்கிறேன். பெருமையோடு சொல்லவில்லை, வேறு வழி தெரியாமல் செய்தேன். அப்படித் தெளித்த மாலைகளில் தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் சோதனைக்கு நிலம் கேட்டபோது யோசிக்காமல் கொடுத்ததற்குக் காரணம் அந்த மாலைகள்தான்.

தாவர மருந்துகளில் பல பொருள்கள் கலந்திருப்பது எதிர்ப்புத்திறன் உருவாவதைத் தாமதப்படுத்தும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மரே ஐஸ்மனும் அவருடைய சக ஆய்வாளரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு அசுவினிக் கூட்டத்துக்கு, வேம்பின் பூச்சிக்கொல்லிப் பொருளான அசாடிராக்டினைத் தூய நிலையிலும், இன்னொரு கூட்டத்துக்கு அதே பொருள் உள்ள வேப்பங்கொட்டைச் சாற்றையும் தொடர்ந்து கொடுத்தார்கள். 40 தலைமுறைகளுக்குப் பிறகு, தூய பொருளைச் சந்தித்த அசுவினிகள் 9 மடங்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருந்தன. முழுச் சாற்றைச் சந்தித்தவை எதிர்ப்புத்திறன் பெறவில்லை. வேம்பு நறுமண எண்ணெய் வகையைச் சேர்ந்ததல்ல என்பதை அறிவேன். ஆனாலும் கலவையின் பலம் என்ன என்று காட்டும் அந்தச் சோதனையை, நறுமண எண்ணெய்களை வைத்து நம் பயிர்களின் பூச்சிகளிடம் நீண்ட காலம் செய்து பார்க்க வேண்டியது உங்களைப் போன்ற நிறுவனத்தின் வேலை. ஒரு பருவத்தில் அதைச் செய்ய முடியாது.

இந்த எண்ணெய்களின் குறைகளை நான் மறைக்கவில்லை. இவை விரைவில் ஆவியாகிவிடும். வெயிலில் தெளித்தால் பலன் சில மணி நேரம்கூட நிற்பதில்லை, மாலையில் தெளித்தாலும் சில நாள்களுக்குள் மறுபடி தெளிக்க வேண்டும். எச்சம் தங்காது என்ற நன்மையும் அடிக்கடி தெளிக்க வேண்டும் என்ற சுமையும் ஒரே குணத்திலிருந்து வருகின்றன. நுண்ணுறைகளுக்குள் அடைத்து மெதுவாக வெளியேறும்படி செய்யும் முறைகள் இருக்கின்றன. அவற்றை வயலுக்குக் கொண்டுவருவது விவசாயியின் கையில் இல்லை. அளவு கூடினால் பயிர் கருகும். கிராம்பு எண்ணெய் அடர்த்தி கூடிய நிலையில் களைக்கொல்லியாகவே விற்கப்படுகிறது என்பதை நினைத்தால், ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவது எவ்வளவு பெரிய தவறு என்று புரியும். தேனீக்கள் பறக்கும் நேரத்தில் தெளித்தால் அவற்றுக்கும் கேடு நேரலாம். ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் அப்படித்தான். இயற்கையிலிருந்து வந்தது என்பதால் எல்லாமே பாதுகாப்பானவையும் அல்ல: பென்னிராயல் என்ற புதினா வகையின் எண்ணெயில் நிறைந்திருக்கும் புலிகோன் மனிதனின் கல்லீரலையே கெடுக்கும். அதே நேரத்தில், தேனீப் பெட்டிக்குள் வரோவா உண்ணியைக் கட்டுப்படுத்தத் தேனீ வளர்ப்போர் தைமாலைப் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பொருள், எந்த அளவு, எந்த நேரம் என்று தெரிந்தால்தான் இவற்றைக் கையாள முடியும். அதைத் தெரிந்துகொள்வதற்கான ஒரே வழியை நீங்கள் மூடிவிட்டீர்கள்.

நீங்கள் சோதனையை நிறுத்திவிட்டதால் விவசாயிகள் இந்த எண்ணெய்களைத் தெளிப்பதை நிறுத்திவிடப் போவதில்லை. புட்டிகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. நான் வாங்கிய ஒன்றின் முன்புறத்தில் "முழுக்க இயற்கையானது" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. எந்தச் செடி, அதன் எந்தப் பகுதி, முதன்மைப் பொருள் எத்தனை விழுக்காடு, எப்போது வடித்தது என்ற எந்த விவரமும் இல்லை. அதே பெயருள்ள இரண்டாவது புட்டியை அடுத்த பருவத்தில் வாங்கித் திறந்தபோது வாடையே வேறாக இருந்தது. முதல் புட்டிக்குச் சொன்ன அளவிலேயே கலந்தேன், நாற்றுகள் கருகின. தவறு என்னுடையதா, புட்டியினுடையதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே இனச் செடியே மண், பருவம், அறுக்கும் வயது, வேதிவகை ஆகியவற்றைப் பொறுத்து வேறு வேறு எண்ணெயைத் தரும். தைம் செடியில் தைமால் மிகுந்த வகையும் உண்டு, தைமால் ஏறக்குறைய இல்லாமல் லினலூல் மிகுந்த வகையும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் விற்றால் வாங்குபவன் எதைத் தெளிக்கிறான்?

பதிவு அதிகாரிகளிடம் இதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் 1996 முதல் எலுமிச்சைப்புல், கிராம்பு, தைம், ரோஸ்மேரி, சிட்ரோனெல்லா உள்ளிட்ட சில எண்ணெய்கள் குறைந்த இடர் உள்ளவை என்று பட்டியலிடப்பட்டு, முழுப் பதிவிலிருந்து விலக்குப் பெற்றிருக்கின்றன. அதற்கு ஈடாக, செயல்படு பொருள் ஒவ்வொன்றின் பெயரையும் எடை விழுக்காட்டையும் சீட்டில் அச்சிட வேண்டும். அந்த ஏற்பாட்டில் பலனைச் சரிபார்க்கும் வழி போதாது என்பது என் எண்ணம். ஆகவே அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்படி கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் சென்று, ஆரஞ்சு எண்ணெயைத் தனித்தனியாக மதிப்பிட்டு ஏற்றிருக்கிறது. இரண்டு வழிகளில் எதை எடுத்தாலும், புட்டிக்குள் இருப்பது என்ன என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்கும். இப்போதுள்ள நிலையில், சீட்டில் எல்லாவற்றையும் நேர்மையாக எழுதிப் பதிவு கேட்பவர் பதிவுக்கான அத்தனை செலவையும் சுமக்கிறார். எதையும் எழுதாமல் விற்பவரை யாரும் கேட்பதில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

சோதனையை முடித்துக்கொள்ளும் முடிவைத் திரும்பப் பெற்று, குறைந்தது மூன்று பருவங்களுக்கு அதை மீண்டும் நடத்துங்கள். எண்ணெயைத் தெளிப்பானில் நேராக ஊற்றாமல், பிரியாத பால்மமாகத் தயாரித்து, மாலையில் தெளியுங்கள். பால்மமாக்கி மட்டும் தெளித்த வரிசையும், எதுவும் தெளிக்காத வரிசையும் ஒவ்வொரு வயலிலும் இருக்கட்டும். இறந்த புழுக்களோடு முட்டைகளையும், தின்னப்பட்ட இலைப்பரப்பையும், ஒட்டுண்ணிக் கூடுகளையும், இலைக் கருகலையும், கடைசியில் விற்கத் தகுந்த முட்டைக்கோஸ்களின் எடையையும் எண்ணுங்கள். ஒரு நாளில் நிறுத்தாமல் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வாருங்கள். எண்ணெயைத் தனியாகவும், பிடி நுண்ணுயிர் மருந்தோடு மாற்றி மாற்றியும் தெளித்துப் பாருங்கள். எங்களில் யாரும் இதை மட்டுமே நம்பிப் பயிர் செய்யப் போவதில்லை.

சேமிப்புக் கிடங்குகளையும் இந்தச் சோதனையில் சேருங்கள். வயலில் காற்றோடு போய்விடும் ஆவி, மூடிய கொள்கலனுக்குள் தங்கி நின்று வேலை செய்யும் என்பதால், பயறு வண்டுக்கும் அரிசி வண்டுக்கும் எதிராக இந்த எண்ணெய்களுக்கு அங்கே கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. தானிய வண்டுகள் பாஸ்பீன் புகைமருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவரும் காலத்தில் அதைப் பார்க்காமல் விடக் கூடாது. முளைப்புத்திறனும் வாடையும் எப்படி மாறுகின்றன என்பதையும் கூடவே பதிவு செய்யுங்கள்.

பூச்சிக்கு எதிராக விற்கப்படும் ஒவ்வொரு நறுமண எண்ணெய்ப் புட்டியிலும் செடியின் தாவரவியல் பெயர், எண்ணெய் எடுத்த பகுதி, முதன்மைப் பொருள்களின் விழுக்காடு, வடித்த நாள், சேர்த்துள்ள பால்மமாக்கி, எந்தப் பயிரில் எந்த அளவு வரை கருகல் இல்லை என்ற விவரம் ஆகியவற்றை அச்சிடுவதைக் கட்டாயமாக்குங்கள். எண்ணெயிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பு ஆய்வு செய்து அந்த விழுக்காட்டைச் சரிபார்க்கும் வசதியை, சிறு அளவில் எண்ணெய் வடிப்போரும் எட்டக்கூடிய கட்டணத்தில் உங்கள் ஆய்வகத்திலேயே ஏற்படுத்துங்கள். பாதுகாப்பு நன்கு அறியப்பட்ட எண்ணெய்களுக்குச் சுருக்கமான தனிப் பதிவு வழியை வகுத்து, புலிகோன் போன்ற நச்சுப் பொருள் நிறைந்தவற்றை அதிலிருந்து விலக்கி வையுங்கள்.

கடைசியாக, கடந்த பருவத்தில் என் வயலில் எடுத்த எண்ணிக்கைகளைச் சராசரியாக்குவதற்கு முன்பிருந்த நிலையில், வரிசை வாரியாக எனக்கும் நிலம் கொடுத்த மற்ற விவசாயிகளுக்கும் தாருங்கள். முதல் வரிசைக்கும் ஆறாவது வரிசைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்தத் தாள்களில் இருக்கிறது. அடுத்த நடவுக்கு முன்பு ஒரு நாள் உங்கள் குழுவினர் வயலுக்கு வந்தால், என் குறிப்பேட்டையும் அந்தத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த ஆறு வரிசைகளில் இன்னும் எதையும் நடாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சோதனைக்கு நிலம் கொடுத்த ஒரு முட்டைக்கோஸ் விவசாயி